எல்லாளன் சமாதியும் எங்கள் சரித்திரப் பாடமும்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் என் மகனின் மகள் வரலாற்றுப் பாடநூலையும் குறிப்புக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் பிள்ளை. நாட்டை ஒன்றுபடுத்துவதற்குத் துட்டகைமுனு மன்னன் எடுத்த நடவடிக்கைகளை விளக்க வேண்டும் என்பது அவளுக்கு வீட்டு வேலையாகக் கொடுக்கப்பட்டிருந்த வினா. விடை அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் என்னிடம் அவள் கேட்டது வேறு.

“அப்பப்பா, இதை நான் ஆர் பக்கம் நிண்டு எழுத வேணும்?”

பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அமைச்சர்களிடமும் தளபதிகளிடமும் கேள்வி கேட்டுப் பழகியவன். அந்தச் சிறுபிள்ளையின் கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல என்னால் முடியவில்லை. அறுபதாண்டுகளுக்கு முன்னர் இதே நாட்டில், இதே பாடத்தைப் படித்தபோது, இதே கேள்வி என் மனத்திலும் எழுந்தது. கேட்பதற்கு மட்டும் துணிவு இருக்கவில்லை. இரண்டு தலைமுறைகள் கடந்தும் அந்தக் கேள்வி அவ்வண்ணமே நிற்கிறது என்றால், தவறு பிள்ளைகளிடத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதுவே.

நான் யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் 1950களில் படித்தவன். எங்களுக்குச் சரித்திரம் கற்பித்த ஆசிரியர் நல்ல மனிதர். பாடநூலில் துட்டகைமுனுவின் வெற்றி விரிவாக இருந்தது. அதைச் சுருக்கமாக வாசித்து முடித்துவிட்டு, நூலை மூடிவைத்து, எல்லாளனின் ஆராய்ச்சி மணியைப் பற்றிக் கண்கள் பனிக்கச் சொல்லுவார். கன்றை இழந்த பசு மணியை அசைத்ததையும், தன் மகனையே தேர்க்காலில் இட்டு மன்னன் நீதி வழங்கியதையும் அவர் சொல்லக் கேட்டு நாங்கள் நெஞ்சு நிமிர்த்தினோம். அது நம்மவர்கள் எழுதிவைத்த கதை என்றும், சிங்களவர்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்றும் நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது 1971 ஏப்ரலில். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடுத்து ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. கொழும்பில் பத்திரிகைக் காரியாலயத்திலேயே பல இரவுகள் தங்கவேண்டியிருந்தது. என்னுடன் தங்கியவர்களில் குருநாகல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவரும் இருந்தார். பேச்சு எப்படியோ பாடசாலைக் காலத்துக்குச் சென்றது. அவருக்குத் துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களின் பெயர்களும் கண்டுல என்ற யானையின் பெயரும் மனப்பாடம். கட்டிலில் கைகால்களை முடக்கிப் படுத்திருந்த சிறுவன் கைமுனுவிடம் தாய் விகாரமகாதேவி காரணம் கேட்டபோது, கங்கைக்கு அப்பால் தமிழரும் இப்பால் கடலும் இருக்க எப்படிக் கால் நீட்டிப் படுப்பது என்று அவன் சொன்ன கதையைத்தான் தமது ஆசிரியர் முதலில் கற்பித்ததாக அவர் கூறினார். நான் ஆராய்ச்சி மணிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அதுவும் மகாவம்சத்தில்தான் இருக்கிறது” என்றார்.

நான் நம்பவில்லை. மறுநாள் காரியாலய நூலகத்தில் இருந்த வில்ஹெல்ம் கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து இருவரும் வாசித்தோம். 1912 இல் வெளிவந்த நூல் அது. இருபத்தோராம் அத்தியாயத்தில் மணியும் பசுவும் மகனும் அப்படியே இருந்தன. அதற்கு மேலும் இருந்தது. சோழ நாட்டிலிருந்து வந்து ஆட்சியைக் கைப்பற்றிய எல்லாளன் நாற்பத்துநான்கு ஆண்டுகள் நண்பர், பகைவர் என்ற பேதமின்றி நீதி செலுத்தினான் என்று அந்நூல் கூறுகிறது. பிக்குகளை அழைக்கச் சென்ற வழியில் அவனது தேரின் நுகம் பட்டு ஒரு தாதுகோபம் சேதமுற்றதாம். தன் தலையைத் தேர்ச்சக்கரத்தால் துண்டிக்குமாறு மன்னன் அமைச்சரிடம் சொன்னானாம். அவர்கள் தடுத்த பின்னர், பெயர்ந்த பதினைந்து கற்களுக்காகப் பதினையாயிரம் பொன் செலவிட்டுத் திருத்தினானாம். இந்தக் கதையை நண்பரும் அறிந்திருக்கவில்லை.

அன்று எனக்கு விளங்கிய உண்மை சிறியது அல்ல. எல்லாளனின் நீதியை நமக்கு விரிவாகக் கூறும் பழைய நூல், அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த ஒரு பௌத்த பிக்கு பாளி மொழியில் எழுதிய மகாவம்சமே. தமிழர் இன்று எல்லாளனின் பெயரைச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு மகாநாம தேரருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். நானும் நண்பரும் ஒரே நூலின் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறோம். அவருக்குக் கட்டிலில் முடங்கிய சிறுவன். எனக்கு மணியடித்த பசு. நூல் முழுவதையும் எங்கள் இருவருக்கும் எவரும் தரவில்லை.

மகாவம்சம் நடுநிலையான நூல் என்று நான் வாதிடவில்லை. அது பௌத்த சாசனத்தின் பெருமைக்காக எழுதப்பட்டது. நாற்பத்துநான்கு ஆண்டு ஆண்ட எல்லாளனுக்கு அதில் ஓர் அத்தியாயத்தின் ஒரு பகுதியே கிடைத்தது. இருபத்துநான்கு ஆண்டு ஆண்ட துட்டகைமுனுவுக்கு இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு வரை பதினொரு அத்தியாயங்கள் கிடைத்தன. போரில் மாண்டவர்களை எண்ணி வருந்திய மன்னனைத் தேற்றவந்த அரகந்தர்கள், இறந்தோரில் மனிதராகக் கணக்கிடத்தக்கவர் ஒன்றரைப் பேர் மாத்திரமே என்று கூறியதாக வரும் இடத்தைப் படிக்கும் எவருக்கும் மனம் நடுங்கும். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன். மற்றவன் பஞ்சசீலத்தையும் ஏற்றவன். ஏனையோர் விலங்குகளுக்குச் சமம். இந்த வாசகத்தை மறைத்துவிட்டு மகாவம்சத்தைப் புகழ்வதும் நேர்மையாகாது.

ஆயினும் அந்நூல் சிக்கல்களை மறைக்கவில்லை. தமிழருடன் பொருதுவதற்கு முன்னர் துட்டகைமுனு தன் சொந்தத் தம்பி சத்தாதீசனுடன் இரண்டு முறை போரிட்டான். முதற் போரில் தோற்றும் போனான். அவனது பத்து வீரர்களில் தலையாயவனாகிய நந்திமித்தன், எல்லாளனின் படைத்தலைவனாக இருந்த மித்தன் என்பவனின் சகோதரி மகன். துட்டகைமுனு வென்றது எல்லாளன் ஒருவனை அல்ல, முப்பத்திரண்டு தமிழ்த் தலைவர்களை என்றும் நூல் சொல்கிறது. வடக்கே தமிழர் என்ற ஒரே அணியும் தெற்கே சிங்களவர் என்ற ஒரே அணியும் எதிரெதிரே நின்ற போராக அதைக் காட்டுவதற்கு இந்தச் செய்திகளே தடையாக உள்ளன. பாடநூலுக்கு வரும்போது இவை உதிர்ந்துவிடுகின்றன, அல்லது உதிரிச் செய்திகளாக நிற்கின்றன. எஞ்சுவது இரண்டு இனங்கள், ஒரு வெற்றி.

வெற்றிக்குப் பின்னர் துட்டகைமுனு செய்ததுதான் இங்கு முக்கியமானது. பறையறைந்து மக்களை வரவழைத்து, எல்லாளன் வீழ்ந்த இடத்திலேயே அவனுக்கு ஈமக்கடன் செய்து, நினைவுச் சின்னம் எழுப்பி, அதற்கு வழிபாடு செய்யவும் கட்டளையிட்டான். தம் காலத்திலும் அவ்விடத்தை நெருங்கும் இலங்கை மன்னர்கள் வாத்தியங்களை நிறுத்துகிறார்கள் என்று மகாவம்ச ஆசிரியர் எழுதினார். அந்த வழக்கம் அவரோடு முடியவில்லை. பிரித்தானியருக்கு எதிரான 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோல்வியுற்ற பின்னர் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, அனுராதபுரத்தைக் கடந்தபோது களைப்பையும் பொருட்படுத்தாமல் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்ததை மேஜர் போர்ப்ஸ் 1840 இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். சமாதி எவ்விடத்தில் இருந்தது என்று அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆகவே அதைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தார். உயிருக்குத் தப்பியோடும் ஒரு சிங்களப் பிரபு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஒரு தமிழ் மன்னனுக்குச் செய்த மரியாதை அது.

அவ்வாறாயின் அந்த மரியாதை எங்கே போயிற்று? எல்லாளன் சமாதி என்று மக்கள் நீண்டகாலமாக அழைத்துவந்த மண்மேட்டை 1940களில் அகழ்ந்தாராய்ந்த பேராசிரியர் செனரத் பரணவிதான, அது சமாதி அன்று, தக்கிண விகாரையின் தூபி என முடிவு செய்தார். அங்கே துட்டகைமுனுவின் சாம்பல் கிடைத்தது என்ற கருத்தும் பின்னர் எழுந்து, 1970களின் இறுதியில் அதை ஆராய அரசாங்கம் ஒரு குழுவையும் அமைத்தது. இந்தக் கருத்துகளை மறுத்து ஜேம்ஸ் ரி. இரத்தினம் 1981 இல் ஒரு நூல் எழுதினார். அது தூபிதான் என்ற தொல்லியல் முடிவு சரியாக இருக்கலாம். அதைத் தீர்ப்பது என் வேலை அன்று. நான் கவனிப்பது வேறு. பகைவனுக்கு மரியாதை செய்வதற்கென இருந்த இடம், வென்றவனைக் கொண்டாடும் இடமாக மாறியது. மண்மேட்டுக்கு நேர்ந்தது எதுவோ அதுவே நமது சரித்திரப் பாடத்துக்கும் நேர்ந்தது.

இந்த மாற்றத்தின் தொடக்கம் சுதந்திரத்துக்கு முந்தியது. ஜோர்ஜ் டேர்னர் என்ற பிரித்தானிய அதிகாரி மகாவம்சத்தின் முற்பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1837 இல் வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1833 இல், சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபோது உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவரில் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூவர் சிங்களவர், தமிழர், பறங்கியர் என இனத்துக்கு ஒருவர். ஒரு கையால் இன வாரியாக ஆசனத்தைப் பங்கிட்ட ஆட்சி, மறு கையால் பழைய நூலைப் பதிப்பித்தது. பின்னர் ஆரியர், திராவிடர் என்ற மொழியியற் பாகுபாடு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, மொழிக் குடும்பங்களின் பெயர்கள் இரத்தத்தின் பெயர்களாயின. சிங்கள அடையாளம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதை 1979 இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற கட்டுரையில் பேராசிரியர் லெஸ்லி குணவர்தன எடுத்துக்காட்டினார். அவரைத் தூற்றியவர்கள் பலர். அவர் காட்டிய சான்றுகளை வகுப்பறைக்குக் கொண்டுசென்றவர்கள் சிலரே.

பிரித்தானியருக்கு இந்தக் கதையால் கிடைத்த பயன் தெளிவானது. ஓயாது ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இனங்களுக்கு நடுவே அமைதியைக் கொண்டுவந்தவர்கள் தாங்களே என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அவர்கள் போன பின்னர் அந்தக் கதை புதிய எசமானர்களுக்கும் உதவியது. வரண்ட வலயத்தில் 1930களின் மின்னேரியா முதல் 1949 இல் தொடங்கிய கல்லோயா வரை குடியேற்றத் திட்டங்கள் அமைந்தபோது, பண்டை மன்னர்களின் குளங்களை மீட்கும் பணியாக அவை மக்களுக்குக் காட்டப்பட்டன. குளம் கட்டிய மன்னனின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பாத அரசியல்வாதி அரிது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவைத் துட்டகைமுனுவுக்கு ஒப்பிட்டுப் பாடினார்கள். மன்னர் என்றே அழைத்தார்கள். பதினொரு வயதில் கற்ற பாடம் மனத்தில் இல்லாதிருந்தால் அந்தப் பாட்டு எவருக்கும் விளங்கியிராது.

குளத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டியவன் யார் என்று கேட்டால் பிள்ளைகள் மன்னனின் பெயரைச் சொல்வார்கள். மண் சுமந்தவன் யார், இராசகாரியம் என்ற கட்டாயச் சேவையில் அவனுக்கு என்ன கிடைத்தது, அவனது சாதி எது, அவனது மனைவி வயலில் எத்தனை மணி நேரம் நின்றாள் என்ற கேள்விகளுக்குப் பாடத்தில் இடமில்லை. மன்னர்களின் பட்டியலாக நிற்கும் சரித்திரம் சிங்களக் குடியானவனுக்கும் சொந்தமானது அன்று. தமிழனை எதிரியாகக் காட்டி அவனைப் பெருமைப்பட வைத்த அதே பாடம், அவனுடைய பாட்டனையும் பாட்டியையும் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைத் தலைக்கணக்கில் பங்குபோட்டது. அந்நியர் படையெடுப்பு என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்தே மனனம் செய்த ஒரு சமூகத்துக்கு, தேயிலை பறிக்க வந்தவனையும் படையெடுத்து வந்தவனாகக் காண்பது எளிதாக இருந்தது. ஏழைகளின் விடுதலைக்கென்று 1971 இல் துப்பாக்கி ஏந்திய இளைஞர்களின் ஐந்து வகுப்புகளிலேயே ஒரு வகுப்பு இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் பற்றியது என்பதை மறந்துவிடலாகாது. அரசாங்கத்தை எதிர்த்தவர்களும் அரசாங்கத்தின் சரித்திரப் பாடத்திலிருந்து விடுபடவில்லை.

தாய்மொழிக் கல்வி நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் மொழி வாரியாகப் பிரிந்த வகுப்பறைகளில், பக்கத்து வகுப்பில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பது எவருக்கும் தெரியாமற் போயிற்று. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் சரித்திரம் தனிப் பாடம் என்ற நிலையை இழந்து சமூகக் கல்விக்குள் அடங்கியது. 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கியது. ஏழைப் பெற்றோரின் சுமையைக் குறைத்த நல்ல காரியம் அது. அதேவேளை நாடு முழுவதற்கும் ஒரே நூல், அதன் பதிப்பாளரும் அரசாங்கமே என்ற நிலையும் உறுதியானது. சிங்களத்தில் எழுதித் தமிழுக்கு மொழிபெயர்ப்பதே பெரும்பாலும் வழக்கமாயிற்று. 1980களில் றெஜி சிறிவர்த்தன போன்றோர் பாடநூல்களை இன நல்லுறவு நோக்கில் ஆராய்ந்து குறைகளை எடுத்துக் கூறினர். 2007 ஆம் ஆண்டுப் பாடவிதானச் சீர்திருத்தத்தோடு வரலாறு மீண்டும் தனிப் பாடமாக வந்தது. கட்டாய பாடமாகவும் ஆயிற்று. அதன்பின் தமிழ் ஆசிரியர்கள் ஓயாமல் முறையிட்டு வந்தது யாழ்ப்பாண இராச்சியத்துக்கும் தமிழர் வரலாற்றுக்கும் கொடுக்கப்பட்ட பக்கங்கள் போதா என்பதே.

அந்த முறைப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் பக்கங்களைக் கூட்டிக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? நமது வீட்டுக்குள் நாம் சொல்லிவந்த சரித்திரம் எப்படிப்பட்டது? சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயரை எதிர்த்த வீரனாகப் போற்றுகிறோம். 1544 இல் மன்னாரில் மதம் மாறிய நூற்றுக்கணக்கான ஏழைகளை முதலாம் சங்கிலி கொல்வித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அவனையும், 1619 இல் சிறைப்பட்டுக் கோவாவில் கொல்லப்பட்ட இரண்டாம் சங்கிலியையும் ஒருவராக மயங்குவோர் படித்தவர்களிலும் உண்டு. நாம் சான்று காட்டும் யாழ்ப்பாண வைபவமாலையே ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி எழுந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நின்றவர்களைத் தடுத்தவர்கள் சிங்களவர் அல்லர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியதும் சிங்களப் படை அன்று. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரச நூல்களுக்கு மாற்றாகத் தமிழர் வரலாறு கற்பிக்கப்பட்டபோதும் அச்சு மாறவில்லை. நாயகனும் எதிரியும் இடம் மாறினார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நானும் பேனா பிடித்தவன். இவற்றில் எதைப் பற்றி எழுதினேன், எதைப் பற்றி எழுதாமல் இருந்தேன் என்பதை நான் அறிவேன். எழுதாமல் விட்டவையே அதிகம்.

நல்ல பாடநூலுக்குத் தேவையான சான்றுகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பொலன்னறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. புத்தரின் புனித தந்தத்தை வைத்திருந்த ஆலயத்தைக் காப்பதாக வேளைக்காரர் என்ற படையினர் அதிலே உறுதி கூறினார்கள்; அதை அவர்களிடம் ஒப்படைத்தவர் ஒரு பௌத்த தேரர். அதே வேளைக்காரர், சோழருக்கு எதிராகச் செல்லப் பணிக்கப்பட்டபோது முதலாம் விஜயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்ததைச் சூளவம்சம் கூறுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் மாணவன் சிந்திப்பான். திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரில் தமிழ்ப் பௌத்தர்களின் தானங்களைப் பெற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள 1409 ஆம் ஆண்டுச் சீனக் கல்வெட்டில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் திருமாலுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. இலங்கையில் பௌத்த உபசம்பதை அற்றுப்போயிருந்த காலத்தில், 1753 இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து அதை மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன் அவன்.

இச்செய்திகள் எவருக்கும் முழு வெற்றியைத் தருவதில்லை. அதனாலேதான் அவை எந்த அரசியல்வாதிக்கும் பயன்படுவதில்லை. சான்றைப் பின்பற்றிச் செல்லும் துணிவு எப்படிப்பட்டது என்பதற்குப் பேராசிரியர் கா. இந்திரபாலாவே உதாரணம். 1965 இல் தாம் சமர்ப்பித்த ஆய்வேட்டின் கருத்துகளைப் புதிய தொல்லியற் சான்றுகளின் ஒளியில் தாமே மீளாய்வு செய்து, 2005 இல் வேறொரு நூலை எழுதினார். வரலாற்றைத் தவறாகப் பொருள்கொண்டதால் உயிரிழந்த அப்பாவிகளுக்கு அந்நூலைச் சமர்ப்பித்தார். நான் அறிந்தவரையில் நமது சரித்திரப் பாடத்தின் விளைவை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

2025 இல் கல்விச் சீர்திருத்த யோசனைகள் வெளிவந்தபோது வரலாறு கட்டாய பாடமாகத் தொடருமா என்ற விவாதம் நாட்டில் பெரிதாக எழுந்தது. எத்தனை மணித்தியாலம், எந்த வகுப்பு வரை என்றே இரு தரப்பினரும் பேசினார்கள். என்ன கற்பிக்கப்போகிறோம், ஒரு பிள்ளை இரண்டு பக்கச் சான்றுகளையும் வைத்துத் தானாக ஒரு முடிவுக்கு வருவதற்கு மதிப்பெண் கொடுக்கப்போகிறோமா என்று கேட்டவர்களின் குரல் ஈனமாகவே ஒலித்தது. 1983 ஜூலையைப் பற்றி, 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களைப் பற்றி, 2009 இன் கடைசி மாதங்களைப் பற்றி நமது பிள்ளைகள் பாடநூலிலிருந்து போதுமான அளவு அறிந்துகொள்ள வழியில்லை. அவற்றைத் தமிழ்ப் பிள்ளை தன் வீட்டில் ஒரு விதமாகவும், சிங்களப் பிள்ளை தன் வீட்டில் வேறு விதமாகவும் கேட்டு வளர்கிறது. 1971 இல் நானும் என் நண்பரும் இருந்த இடத்திலேயே அவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் இழந்தது சில இரவுகளின் நித்திரையை மாத்திரம். எங்களுக்குப் பின் வந்தவர்கள் இழந்தவற்றை எண்ணி முடியாது.

என் சிங்கள நண்பர் இப்போது உயிருடன் இல்லை. 2009 க்குப் பின்னர் ஒருமுறை நாங்கள் இருவரும் அனுராதபுரத்துக்குப் போயிருந்தோம். தக்கிண தூபி இருக்கும் இடத்தை அணுகியபோது, வாடகைக் காரின் சாரதி வானொலியில் ஏதோ பாட்டை உரக்க வைத்திருந்தார். நண்பர் முன்புறம் குனிந்து, பாட்டைக் கொஞ்சம் நிறுத்தும்படி சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார். காரணம் சொல்லவில்லை, சாரதியும் கேட்கவில்லை. என் பக்கமும் அவர் திரும்பவில்லை. அந்த மேடு தூபியா, சமாதியா என்ற விவாதம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அப்படிச் செய்தார்.

பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பரீட்சைக்கு, கேட்ட வினாவுக்குப் பாடநூலில் உள்ளபடி விடை எழுதச் சொன்னேன். புள்ளியை இழக்கும்படி எந்தப் பிள்ளைக்கும் புத்தி சொல்ல நான் தயாராக இல்லை. அதற்குப் பின்னால், கொப்பியின் மறுபக்கத்தில், பாடநூல் கேட்காத வினாவையும் எழுதி விடை தேடச் சொன்னேன்: வென்ற மன்னன் தோற்ற மன்னனுக்கு ஏன் சமாதி கட்டினான்? அவள் சற்று யோசித்தாள். “இதுக்கு மார்க்ஸ் இல்லையே, அப்பப்பா” என்றாள்.

இல்லைத்தான். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.